தராசுக் கடையின் அறுநூற்றுப் பன்னிரண்டு எண்கள்

தராசு ரிப்பேர் உலகின் இளம் சக்கரவர்த்தினியும் என் அக்கா பெற்ற ஒரே செல்வமுமாகிய மருமகளுக்கு, ஒற்றைப் போனுடன் போர்க்களம் புகுந்து மூச்சு மட்டும் மிச்சமாகத் திரும்பிய உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். புதுக் கிளைக்குக் கதவு மாட்டியாயிற்றா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்பாய். போனைத் தொடவே இப்போது எனக்குப் பயம். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

போன வாரம் கிளம்பும்போது உன் அப்பாவின் போனை என் கையில் வைத்து நீ சொன்னாயே, நினைவிருக்கிறதா? "மாமா, இதுல அறுநூத்திப் பன்னெண்டு கஸ்டமர் நம்பர் இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு, பேரு என்ன, கடை எங்க, இன்னும் நம்மகிட்ட வேலை குடுப்பாங்களான்னு கேட்டு எக்செல்ல ஏத்திடுங்க. ரெண்டு தடவை இருக்கறத ஒண்ணாக்குங்க. செத்த நம்பரெல்லாம் தூக்கிடுங்க. திங்கக்கிழமை எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பணும், கடை இனிமே என் பொறுப்புன்னு." 'செத்த' என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் பார்க்காதது போல மீசையை முறுக்கி, "அறுநூறா? எனக்கு ஒரு காலைப்பொழுதும்மா" என்றேன். அந்த மீசையை இப்போது எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

உன் அப்பா ஒரு மனிதரிடமாவது பெயர் கேட்டிருக்கிறாரா? தராசுக்கு என்ன நோயோ அதையே பெயராகப் போட்டு வைத்திருக்கிறார். 'ஈரமானால் பொய் சொல்லும்' என்றால் மீன்கடை. 'எலி கடித்த வயர்' என்று ஒன்று, அடுத்தது 'எலி கடித்த வயர் 2'. நீ சொன்ன சட்டப்படி இரண்டையும் ஒன்றாக்கினேன். விசாரித்தால் கடையும் வேறு, எலியும் வேறு. சரி, பிரித்துவைத்தேன். பிறகு 'ஒரு கால் குட்டை' என்று இருந்த எண்ணுக்குப் போட்டு, மிகுந்த மரியாதையுடன், "ஐயா, ஒரு கால் குட்டைங்களா?" என்று கேட்டேன். "எவன்டா நீ? அண்ணன் போனைத் திருடி வச்சுக்கிட்டு என் காலைப் பத்திப் பேசறே?" என்று அந்த மனிதர் போட்ட கூச்சலில் நம் கடையிலிருந்த பதினேழு தராசும் ஒரே நேரத்தில் ஆளுக்கு அரைக்கிலோ காட்டின.

என் புத்திசாலித்தனம் அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் கூப்பிட்டதெல்லாம் உன் அப்பாவின் போனிலிருந்து. எதிரில் எடுக்கிறவர்கள் திரையில் அவர் பெயர் வருகிறது. எட்டு மாதமாகக் குரலைக் கேட்காத மனிதர் கூப்பிடுகிறார் என்று ஓடி வந்து எடுக்கிறார்கள். குட்டைக் காலிடம் நடந்ததைச் சொன்னேன். "அந்தக் காலுக்கு அடியில அண்ணன் வச்ச ரப்பர் இன்னும் அப்படியே இருக்குங்க" என்றார். போனை வைத்துவிட்டார்.

இப்படி மதியத்துக்குள் நாற்பத்தொரு பேரிடம் சொன்னேன். ஒரு மனிதன் ஒரு தடவைதான் சாக முடியும் என்று நினைத்திருந்தேன், மருமகளே. உன் அப்பாவை ஒரே காலையில் நாற்பத்தொரு தடவை சாகடித்தவன் நான். நாற்பத்திரண்டாவது 'பாப்பா தராசு', பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ். நான் வாயைத் திறப்பதற்குள், "ஐயா! எத்தனை நாளாச்சு உங்க குரலைக் கேட்டு! குழந்தைங்க எடை தப்பா காட்டுது, எப்ப வரீங்க?" என்றார். அந்தச் சந்தோஷத்தை உடைக்க எனக்குக் கை வரவில்லை. உன் அப்பாவைப் போலத் தொண்டையைக் கனைத்து, "அடுத்த வியாழக்கிழமை வரேம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் எப்படி இருந்தது தெரியுமா? இரண்டு நிமிஷம் அவர் உயிரோடு இருந்தார். பிறகு நிறுத்த முடியவில்லை. இன்னும் பத்தொன்பது பேருக்கு அதே கனைப்பு, அதே வியாழக்கிழமை.

என்னை நிறுத்தியது உன் அப்பாதான். போனில் 'கூடக் காட்டும்' என்று பதினோரு பேர் இருக்கிறார்கள். ஊரில் பாதித் தராசுக்கு அந்த வியாதி. பதினோராவதில் மட்டும், 'கூடக் காட்டும். திருத்த வேண்டாம்' என்றிருந்தது. யாரப்பா இந்த அதிசயத் தராசு என்று போட்டேன். என் சட்டைப் பையிலிருந்த என் சொந்தப் போனில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தால், 'மச்சான்' கூப்பிடுகிறார். கடையில் வேறு யாருமில்லை. எடுத்து, "ஹலோ" என்றேன். இரண்டு காதிலும் என் குரல்தான் கேட்டது.

அதற்குமேல் ஏமாற்ற முடியுமா? அந்த இருபது பேரையும் திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். நர்ஸ் மட்டும் நான் ஆரம்பிப்பதற்குள், "தெரியுங்க. ஐயா ரெண்டு தடவைதான் கனைப்பாரு. நீங்க மூணு தடவை கனைச்சீங்க" என்றார். "தெரிஞ்சுமா பேசினீங்க?" என்றேன். "நீங்க ஆசையா பேசினீங்க, நடுவுல எப்படி நிறுத்தறது?" என்றவர், "அவரு பொண்ணு வருமா?" என்று கேட்டார். ஆக, பட்டியல் சுத்தமாகிவிட்டது. செத்த எண்கள் எழுபத்திரண்டைத் தூக்கிவிட்டேன். மிச்சமுள்ளவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். நீ தைரியமாகத் திங்கட்கிழமை மெசேஜை அனுப்பலாம்.

கதவு, கடை, கல்லா எல்லாம் உன் கையில் செழிக்கட்டும். மாமனின் ஆசி எப்போதும் கிலோவுக்கு ஆயிரத்து இருநூறு கிராம் என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
மீசையுள்ள மாமா

பின்குறிப்பு: மெசேஜை அனுப்பிவிடாதே. மேலே எழுதியதில் கொஞ்சம் கூடக் காட்டிவிட்டேன். நான் உண்மையைச் சொன்னது நாற்பத்தொரு பேரிடம் இல்லை, குட்டைக் கால் ஒருவரிடம்தான். அதற்கப்புறம் வாய் வரவில்லை. மற்ற அறுபது பேருக்கும் வியாழக்கிழமைதான். யாரையும் திரும்பக் கூப்பிடவில்லை. நர்ஸும் அவராகவே கூப்பிட்டார். என் எண் போக மிச்ச ஐந்நூற்றைம்பது பேருக்கு இன்னும் போடவே இல்லை. ஒரு எண்ணைக்கூட அழிக்கவும் இல்லை. நீ புதன்கிழமை வந்துவிடு. வியாழக்கிழமை அப்பாவின் ரிப்பேர் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கடையாகப் போவோம். உன் முகம் அப்படியே அவர் முகம். அந்தப் பெட்டியோடு நீ வாசலில் வந்து நின்றாலே அவர்களுக்குப் புரிந்துவிடும், யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன். கனைக்க மாட்டேன்.