மஞ்சள் படம் பார்க்கும் மாப்பிள்ளை

பலெர்மோ,
செப்டெம்பர் 1996.

என்றும் என் மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி ஜெயரட்ணம் எழுதிக்கொள்வது. இங்கே நல்லூரான் துணையால் நாங்கள் சுகம். குகனேஸ்வரியின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதுவும் படி ஏறும்போதுதான். நீங்களும் மகள் லக்ஷனாவும் கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கதவில் யாராவது தட்டினாலே நெஞ்சு இடிக்கிறது, பதிவு பார்க்கப் பொலிஸ் வருகிறதா, பக்கத்து அறைக்காரி சீனி கேட்க வருகிறாளா என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வாசித்துவிட்டு குகனேஸ்வரி அழுதாள். நானும் அழுதேன், ஆனால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் அவளுக்குத் தெரியாது. லக்ஷனாவை எப்படியாவது சீக்கிரம் அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் உள்ள ஒரே யோசனை. அதற்காகத்தானே மாப்பிள்ளை கிருபனின் குணநடை எப்படி என்று விசாரித்து எழுதச் சொன்னீர்கள். விசாரித்தேன் அக்கா. விசாரிக்க விசாரிக்க எனக்கு இருந்த கொஞ்ச விளக்கமும் போய்விட்டது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிப்பார்வைக்குப் பெடியன் தங்கம். லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்யும் வீட்டுக்கு அடுத்த தெருவில், ஒரு டொக்டர் வீட்டில் சமையல் வேலை. குடி இல்லை, சிகரெட் இல்லை, பெர்மெஸ்ஸோ இருக்கிறது, அந்த வதிவிட அனுமதிக் கடதாசி இல்லாவிட்டால் இந்த நாட்டில் மனிதனை மனிதனாக மதிக்க மாட்டார்கள். ஆனால் குடியும் இல்லை, சிகரெட்டும் இல்லை என்றால் வேறு ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஒருவன் சும்மா நல்லவனாக இருப்பானா? ஆகவே வியாழக்கிழமை பின்னேரம், வீட்டு வேலைக்காரர் எல்லோருக்கும் லீவு உள்ள நேரம், சொல்லாமல் கொள்ளாமல் ஸ்தாசியோனே சென்ட்ராலே றெயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள அவருடைய அறைக்குப் போனேன். கதவைத் திறந்தது கூட இருக்கும் ஜில்பெர் என்ற மொரீசியஸ்காரன். அவனுடைய பூட்டன் தமிழன்தானாம், ஆனால் இவனுக்குத் தமிழில் தெரிந்தது முருகனின் பெயரும் சோறு என்ற சொல்லும் மட்டும். எனவே இத்தாலியனில் கதைத்தோம். என்னுடைய இத்தாலியனைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. அது சமையலறைக்குள் நன்றாக ஓடும், வாசலைத் தாண்டினால் முடங்கிவிடும். கிருபன் எங்கே என்று கேட்டேன். படத்துக்குப் போய்விட்டார் என்றான். என்ன படம் என்றேன். ஜாலோ படம், அது என்றால் கிருபனுக்கு உயிர் என்றான். அக்கா, ஜாலோ என்றால் மஞ்சள்.

நான் அப்படியே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் வேறு பேப்பருக்குள் மடித்து விற்ற மஞ்சள் பத்திரிகையை நான் பார்த்ததில்லை, பார்த்தவர்கள் விபரமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பத்திரிகையே அப்படி என்றால் படம் எப்படி இருக்கும்? ஜில்பெர் அதோடு விட்டானா? மஞ்சள் மட்டுமில்லை, கறுப்பும் விருப்பமாம், ரோசாவும் விருப்பமாம், எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தால் இன்னும் விருப்பமாம். வெயில் காலம் முழுக்கத் தியேட்டர்கள் பூட்டிக் கிடந்ததால் மனுசன் வாடிப்போய் இருந்தாராம். அடுத்த மாதம் மூன்று புதிதாக வருகிறதாம், அதை நினைத்து இப்போதே நித்திரை இல்லையாம். எனக்கும் அதற்குப் பிறகு நித்திரை இல்லை.

வீட்டுக்கு வந்து குகனேஸ்வரியைக் குசினிக்குள் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குக் கேட்காதபடி சொன்னேன். அவள் மா பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

“இஞ்சேருங்கோ, அதை நீலம் எண்டெல்லோ சொல்லுறவை?”

“உனக்கு உது என்னெண்டு தெரியும்?”

“கேள்விப்பட்டதுதான். இத்தாலியிலை நிறம் மாறியிருக்கும். இஞ்சை எல்லாம் மாறித்தானே கிடக்கு.”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை நிறத்தை வைத்து முடிவெடுக்க முடியுமா? யாராவது இத்தாலியரிடம் கேட்டுவிடுவது நல்லது என்று பட்டது. எனக்குத் தெரிந்த இத்தாலியர் என்றால் நான் பார்த்துக்கொள்ளும் சிஞ்ஞோரா ஒருத்திதான். காலையும் மாலையும் செபமாலையோடு இருக்கிற வயதான மனுசி. அவவிடம் போய் எப்படிக் கேட்பது? சூப்பைக் கொடுத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, சிஞ்ஞோரா, இந்த மஞ்சள் படம், மஞ்சள் கதை என்கிறார்களே, அது மிகவும் மோசமானதா என்று கேட்டேன். மனுசியின் முகம் மலர்ந்துவிட்டது. மோசமா, எனக்கு அது இல்லாமல் நித்திரை வராது என்றா. நானும் என்னுடைய மனுசனும், ஆண்டவர் அவருக்கு இளைப்பாறுதல் தரட்டும், கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் சாய்ந்திருந்து சேர்ந்துதான் வாசிப்போம் என்றா. அதோடு நில்லாமல் தலையணைக்குக் கீழே கையை விட்டு மஞ்சள் அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து, கொண்டுபோய் உன் மனைவியோடு சேர்ந்து வாசி என்று நீட்டினா. நான் கண்ணை மூடிக்கொண்டேன் அக்கா. பிறகு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அட்டையில் ஒரு பொம்பிளை முழு உடுப்போடுதான் கிடந்தா. முதுகில் கத்தி.

சிஞ்ஞோராதான் எல்லாவற்றையும் விளக்கினா. மஞ்சள் என்றால் கொலை நடக்கும், யார் செய்தது என்று கடைசியில்தான் தெரியும். கறுப்பு என்றால் கொலையும் நடக்கும், எல்லோருமே கெட்டவர்கள். ரோசா என்றால் காதல். நான் நினைத்த சாமானுக்கு இங்கே சிவப்பு விளக்கு என்று பெயராம். அதைச் சொல்லிவிட்டு மனுசி இருமல் வரும்வரை சிரித்தா. நான் அங்கே நின்றபடி நிம்மதி அடைவதா இல்லையா என்று யோசித்தேன். மாப்பிள்ளை அசிங்கம் பார்க்கிறவர் இல்லை, கொலை பார்க்கிறவர். இதில் எது நல்லது என்று குணநடை விசாரிக்கிற ஒருவன் எப்படித் தீர்மானிப்பது?

ஆகவே ஆளை நேரே பிடிக்கத் தீர்மானித்து, ஞாயிற்றுக்கிழமை பொலிதேயாமா நாடக அரங்குக்கு முன்னால் உள்ள வாங்கில் சந்தித்தேன். பத்திரிகையின் சினிமாப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார், அதை நான் அப்போது கவனிக்கவில்லை. நேரடியாகவே கேட்டேன்.

“தம்பி, எப்ப எடுக்கிற யோசினை?”

“எடுத்து முடிஞ்சுது அண்ணை. ஐப்பசியிலை வருது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பிள்ளை வெள்ளவத்தையில் இருக்க, இவர் யாரை எடுத்தார்?

“ஆர் எடுத்தது?”

“றோமிலை ஒருத்தர். வயசு போனவர்தான், ஆனா உந்த விசயத்திலை அவரை விட்டா ஆளில்லை.”

“அவர் முந்தியும் எடுத்தவரோ?”

“கனக்க எடுத்தவர். போன முறை எடுத்ததிலை பொம்பிளை கலியாணத்தண்டே செத்துப்போனா. பிறகு எழும்பி வந்து மாப்பிளையைக் கொலை செய்துபோட்டா.”

“நீர் அதைப் பாத்துக்கொண்டு நிண்டனீரோ?”

“இல்லை அண்ணை, இருந்துதான் பாத்தனான். நிண்டு பாக்க விடமாட்டினம்.”

அதற்குப் பிறகுதான் அவர் பத்திரிகையை விரித்துக் காட்டினார். அக்கா, பொம்பிளை எடுப்பதற்கும் படம் எடுப்பதற்கும் தமிழில் ஒரே சொல்லை வைத்தவர் யாரோ, அவர் நன்றாக இருக்க மாட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் பெடியனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. லக்ஷனாவை எடுப்பதற்கு வேண்டிய கடதாசிகளை எல்லாம் ஆயத்தப்படுத்தி வைத்திருக்கிறாராம், நாங்கள் ஓம் என்றால் அடுத்த நாளே குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் வரிசையில் நிற்பாராம். அப்படிச் சொல்லிவிட்டு, மனம் அடங்காமல், திரும்பவும் படத்துக்கே போய்விட்டார்.

“ஒண்டிலை அண்ணை, பேய் ஒண்டு வரி அறவிடுற கந்தோரிலை வேலை செய்யுது. தான் செத்தது அதுக்குத் தெரியாது. அங்கை வாற பொம்பிளைக்கு அதிலை விருப்பம் வருது. பிறகு ஒரு கொலை விழுது, பேய்தான் துப்பறியுது. பயமும் இருக்கு, பகிடியும் இருக்கு, காதலும் இருக்கு.”

“இது என்ன தம்பி, நண்டு மீன் எல்லாம் போட்டுக் காய்ச்சின கூழ் மாதிரியெல்லோ கிடக்கு.”

“ஓம் அண்ணை, கூழேதான். நண்டைத் தனிய எடுத்து வைச்சா அது கூழில்லை. மற்றதிலை குதிரையும் துவக்குமா ஒரு ஊர், சுடுபட்டுத் தாட்ட ஆக்கள் முழுப்பேரும் எழும்பி வந்து தங்கடை குதிரையளைத் திருப்பிக் கேக்கினம்.”

அப்படிச் சொல்லும்போது அவருடைய கண்ணைப் பார்க்க வேண்டும் அக்கா, தேர்த்திருவிழாவுக்குப் போகிற பிள்ளையின் கண் மாதிரி இருந்தது. மூன்றாவது படத்தின் கதையும் சொன்னார், அதில் ஒரு கப்பலும் ஒரு சமையல்காரனும் வந்தார்கள், யார் யாரைச் சாப்பிட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குப் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“தம்பி, ஊரிலை நாங்கள் பாக்காத சாவோ? இஞ்சை வந்தும் உதைத்தான் பாக்கோணுமோ?”

அவர் பத்திரிகையை மடித்தார்.

“அதிலை படம் முடிய லைற் போடுவினம். எல்லாரும் எழும்பி வீட்டை போகலாம்.”

அந்த இடத்தில் எனக்கு அவரை உண்மையாகவே பிடித்துவிட்டது. அப்போது அவர், குரலைத் தாழ்த்தி, முதல்முறையாக மாமா என்று கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“பிள்ளைக்குப் பேய்ப்படம் விருப்பமோ, மாமா?”

நான் விடுவேனா? எங்கள் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்ற வேண்டாமா?

“எங்கடை பிள்ளையோ? கோயிலும் வீடும்தான். பேய் எண்ட சொல்லுக்கே காய்ச்சல் வரும்.”

மாப்பிள்ளை அதைக் கேட்டு அப்படியே அடங்கிப்போனார். எவ்வளவு மரியாதையான பெடியன் என்று நினைத்தேன். “சரி அண்ணை, வாறன்” என்று சொல்லி எழுந்து போனார். மாமா திரும்பவும் அண்ணை ஆனது வாய் தவறியதாக இருக்கும்.

ஆகவே அக்கா, என்னுடைய தீர்மானம் இதுதான். மஞ்சள், கறுப்பு, ரோசா எதுவானாலும் பெடியனுக்கு நல்ல மனம். சாதகம் பொருந்தினால் ஒரு நாளும் பிந்தாமல் செய்யுங்கள். கலியாணத்துக்குப் பிறகு அவரை மெல்ல மெல்லப் பக்திப் படங்களுக்குத் திருப்பிவிடுவது லக்ஷனாவின் பொறுப்பு. குகனேஸ்வரியும் பிள்ளைகளும் உங்களை மிகவும் கேட்டதாக எழுதச் சொன்னார்கள். நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நிம்மதியாக நித்திரை கொள்ளும் நாள் வர வேண்டும் என்று அந்த முருகனை வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி,
ஜெயரட்ணம்.

பி.கு.: மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம். வாசித்திருந்தால் மறந்துவிடுங்கள். கடித உறையை ஒட்டப் போகும் நேரம் கிருபன் வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்து இருக்கவும் இல்லை. “கதவு தட்டினாலே பயப்பிடுற இடத்திலை இருக்கிற பிள்ளை, அண்ணை. அவவை இஞ்சை கூட்டிவந்து என்ரை ஆசைக்காக இன்னும் பயப்பிடுத்தேலாது. என்னாலை படத்தை விடவும் ஏலாது. விட்டிட்டன் எண்டு பொய் சொல்லவும் ஏலாது. வேறை நல்ல இடம் பாருங்கோ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் காலை லக்ஷனா கொமினிகேசன் கடையிலிருந்து போன் எடுத்தாள். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லாமல் இந்தக் கடிதத்தை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும் நேரமெல்லாம் அவள் லொட்ஜின் கீழ் அறையில் வீடியோ டெக் போட்டுப் பேய்ப்படம்தான் பார்க்கிறாளாம். “பக்திப்படம் மட்டும் பாக்கிற ஆள் எண்டா எனக்கு வேண்டாம் மாமா, கேட்டுச் சொல்லுங்கோ” என்றாள். ஏன் பிள்ளை, இருக்கிற பயம் போதாதா என்று கேட்டேன். “படத்துப் பயம் முடியும் மாமா. மற்றது முடியாதெல்லோ” என்றாள். அப்படியே அன்று வாங்கில் கிருபன் சொன்னதுதான். உடனே ஓடிப்போய்க் கிருபனிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை, சம்பந்தம் முறியக் கூடாது என்று நான் மாற்றிச் சொல்கிறேனாம். காய்ச்சல் வரும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறார். ஆகவே அக்கா, கோபிக்காமல், தான் பார்த்ததிலேயே பெரிய பேய் எது என்று லக்ஷனாவின் கைப்பட அவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள், இன்றைக்கே. அது வந்து சேரும்வரை அவர் மனதை வேறு பக்கம் போகவிடாமல் பிடித்து வைப்பதற்காக, வருகிற வியாழன் அவரோடு படத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். குகனேஸ்வரி எனக்கு நூல் கட்டி, திருநீறு பூசி வைத்திருக்கிறாள். சொல்ல வேண்டியதை எல்லாம் தியேட்டரில் விளக்கு அணைவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பேய் என்ற சொல்லுக்கே காய்ச்சல் வருவது லக்ஷனாவுக்கு இல்லை அக்கா, எனக்கு.