லீஸுக்கு நல்ல நேரம்

"இன்னிக்கு அஷ்டமி" என்றார் வாஞ்சிநாதன், திறந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டே.

ஜலஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டின் லீஸ் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்க வேண்டுமானால் சனிக்கிழமைக்குள் மானேஜர் ஆபீசில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இன்று வெள்ளி.

"அப்போ நாளைக்கு?"

"நாளைக்கு நவமி."

"நாளன்னிக்கு?"

"தசமி. ரொம்ப விசேஷம். ஆனா ஞாயித்துக்கிழமை ஆபீஸ் கிடையாதே!"

"ஏன்னா, இந்த வீட்டுக்கு எத்தனை பேர் காத்துண்டிருக்கா தெரியுமா?"

"போன வருஷம் நீ அவசரப்படுத்தினேன்னுதான் நேரம் பாக்காம போட்டேன். என்ன ஆச்சு? ஹீட்டர் செத்தது, கார் செத்தது, என் கடவாப் பல் போச்சு."

பல்லுக்கும் லீஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பொழுது சண்டையிலேயே போய்விடும். ஜலஜாவின் கவலை வேறு. அவளுக்குக் கார் ஓட்ட வராது. இங்கே மளிகைக் கடை எதிரிலேயே இருக்கிறது, பெண் வித்யாவின் ஸ்கூல் பஸ் வாசலுக்கே வருகிறது. வேறெங்கே போனாலும் ஒரு பிடி கொத்துமல்லிக்குக்கூட இந்த மனுஷன் வேலை முடிந்து வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தானே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றால், லீஸ் அவர் பெயரில் இருந்து தொலைக்கிறது.

நேரே மானேஜர் மிஸஸ் கோவால்ஸ்கியிடம் போனாள். "மை ஹஸ்பண்ட் வெரி சிக். மண்டே ஹி வில் கம் அண்ட் சைன்" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். அந்த அம்மாளுக்கு மனசு இளகிப்போயிற்று. திங்கட்கிழமைவரை வீட்டை யாருக்கும் தருவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

இளகிய மனசு அதோடு நிற்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் நோயாளிக்காக ஒரு பாத்திரம் நிறைய சிக்கன் சூப்போடு கிளம்பி வந்துவிட்டாள். நோயாளி அப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பார்க்கிங் லாட்டில் பாட்டுப் பாடியபடி கார் கழுவிக்கொண்டிருந்தார்.

மிஸஸ் கோவால்ஸ்கி அவரைப் பார்த்தாள். சூப்பைப் பார்த்தாள். பிறகு ஜலஜாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"பொய் சொல்பவர்களுக்காக நான் வீட்டைப் பிடித்து வைக்க மாட்டேன். திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஆபீஸ் திறப்பேன். முதலில் யார் வருகிறார்களோ அவர்களுக்குத்தான் வீடு" என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளிவிட்டுப் போனாள். சூப்பை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வெங்காயம்கூட நுழையாத சமையலறையில் அதை என்ன செய்வதென்பது தனித் தலைவலி.

"போனது போகட்டும். எட்டு மணிக்கு முன்னாடியே போய் வாசல்ல நின்னுடலாம்."

"திங்கட்கிழமை எட்டு மணியா? சுத்த ராகுகாலம்டி!"

உடனே எடிசன் என்கிற ஊருக்குப் போன் போட்டார். அங்கே கஸ்தூரிரங்கன் இருந்தார். ஊரிலிருந்து வருஷா வருஷம் பஞ்சாங்கம் வரவழைப்பவர். நியூ ஜெர்சியில் பாதிப் பேர் அவரைக் கேட்காமல் சோபாகூட வாங்க மாட்டார்கள். எந்த வீடு, எந்த மானேஜர், எத்தனை மணி என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒன்பது மணிக்கு மேல போ வாஞ்சி. பத்தரை வரைக்கும் அமிர்தமான நேரம். அதுக்கப்புறம் எமகண்டம்."

ஜலஜா போனைப் பிடுங்கினாள். "மாமா, அதுக்குள்ள வேற யாராவது போயிட்டா?"

"கெட்ட நேரத்துல போட்ட கையெழுத்து நிலைக்குமாம்மா? நிம்மதியா தூங்கு."

அன்று ராத்திரிதான் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டிய நாள். வாஞ்சிநாதன் திருப்பிவிட்டுப் படுத்தார். 'இந்த மனுஷனாவது திருப்பறதாவது' என்று காலையில் ஜலஜா இன்னொரு தடவை திருப்பி வைத்தாள். அதைப் பார்த்து அவர் தன் வாட்சையும் சரிசெய்துகொண்டார்.

திங்கட்கிழமை ஸ்கூல் பஸ் வரவே இல்லை. "அமெரிக்காலயும் பஸ் லேட்டா வர ஆரம்பிச்சாச்சு" என்று வாஞ்சிநாதனுக்கு ஒரே திருப்தி. ஒன்பது மணி ஆகியும் அவர் நகரவில்லை. ராகு முழுசாக விலகட்டும் என்று இன்னும் அரை மணி உட்கார்ந்தார். பிறகு விபூதியைப் பூசிக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து ஜலஜாவோடு புறப்பட்டார்.

ஆபீஸ் வாசலில் அந்தக் கால் அப்படியே நின்றது. உள்ளே சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே முக்கால்.

"ஐயையோ, எமகண்டம்! திரும்புடி!"

"நீங்க திருப்பினேளா கடிகாரத்தை?"

"பின்னே யாரு திருப்புவா?"

ஜலஜா தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. "எமகண்டமாவது, எருமைமாடாவது! எமனே வந்து நின்னாலும் சரி, இப்போ நீங்க கையெழுத்துப் போடறேள்!" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துப் போனாள்.

மிஸஸ் கோவால்ஸ்கி தலையை நிமிர்த்தவே இல்லை. "அந்த வீடு போய்விட்டது."

ஜலஜா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "போயிடுத்தா? யாருக்கு?"

"எடிசனிலிருந்து மிஸ்டர் கஸ்டர்ட் ரங்கன் என்று ஒருவர் எட்டு மணிக்கே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த நேரத்துக்கு உங்கள் ஊர்க்காரர்கள் ஒருவர்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்களாமே!"