பட்டுப்புடவையில் ஒரு கேலக்சி

விசேஷ வீட்டில் "என்ன படிக்கிற?" என்று கேட்பவர்கள் யாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை. எம்.எஸ்சி. இயற்பியல் பாடத்திட்டத்தில் இது இல்லாததால் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அக்காவின் நிச்சயதார்த்தம். சங்கராபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரிசைத் தட்டுகளோடு வந்திருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, ராகு காலத்துக்கு முன்னால் அக்கா சபையில் உட்கார வேண்டும். அவள் உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் பெரியப்பா என்னிடம், "இன்னா பாப்பா படிக்கிற?" என்றார்.

"ஈர்ப்பு வில்லைங்க. ரொம்ப தூரத்துல ஒரு கேலக்சி. நடுவுல கனமா ஒரு கேலக்சிக் கூட்டம். அத்தத் தாண்டி வர்ற வெளிச்சம் வளைஞ்சி, பூதக்கண்ணாடி மாதிரி பெருசாக் காட்டும்."

"வெளிச்சம் எப்டிம்மா வளையும்?"

(கொட்டாவிக்கு நடுவில் கேட்டார். நான் அதை அறிவுத் தாகம் என்று எடுத்துக்கொண்டேன்.)

வகுப்பில் ரப்பர் விரிப்பை வைத்துச் செய்துகாட்டுவார்கள். ரப்பருக்கு எங்கே போவது? தட்டிலிருந்த பட்டுப்புடவையைப் பிரித்து, இரண்டாக மடித்து, மாப்பிள்ளையின் தம்பிமார் நால்வரிடம் முனைகளைக் கொடுத்தேன். "இழுத்துப் புடிங்க. இதான் விண்வெளி." வரிசையில் கல்வராயன் மலைப் பலா ஒன்று இருந்தது, காலையில்தான் மரத்திலிருந்து அறுத்தது. அதைத் தூக்கி நடுவில் வைத்தேன். கேலக்சிக் கூட்டம் தயார். பெரியப்பாவின் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை வாங்கி, "இதான் ஒளி. ஓரமாப் போவும்போது வளையும், பாருங்க" என்று உருட்டிவிட்டேன்.

ஒளி நேராகப் போய்ப் பலாவில் முட்டி நின்றது.

"வளையலியே" என்றார் பெரியப்பா. அப்போதுதான் அவருக்கு உண்மையான ஆர்வம் வந்திருந்தது.

பலாவைத் தூக்கினேன். புடவையும் கூடவே வந்தது. காம்பிலிருந்து வடிந்த பால் பட்டில் பிசினாக அப்பிக்கொண்டிருந்தது. பலாப்பாலுக்கு எண்ணெய் தடவ வேண்டும் என்று எனக்குத் தெரியும். எண்ணெய்க்குப் பிறகு பட்டுக்கு என்ன ஆகும் என்றுதான் தெரியாது. தடவினேன். பிசின் போய்விட்டது. தோசை அளவுக்குக் கறை வந்துவிட்டது.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. (பார்த்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.) கதவருகே வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். "வரிசைப் பொடவைலயே இப்டின்னா, சகுனம்..." என்று மாப்பிள்ளையின் அத்தை ஆரம்பித்தார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவந்து புடவையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொசுவத்துக்குள்ள மறைஞ்சிடும். பொண்ணக் கட்டிகினு வரச் சொல்லுங்க, நேரமாவுது. அந்தப் பலாவ மொதல்ல இவ கைக்கு எட்டாம வைங்க."

நிச்சயம் நடந்தது, கல்யாணமும் நடந்தது. இன்றும் இரண்டு வீட்டிலும் எந்த விசேஷமானாலும், வரிசைத் தட்டுகள் வாசலுக்கு வந்ததும் பெரியப்பா குரல் கொடுப்பார்: "மொதல்ல விஞ்ஞானிய சாப்புட அனுப்புங்கப்பா."

எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் முதல் பந்தியில் எனக்கு இலை உண்டு.