படம்: பூவராகவன்

"மீட்டர் பாக்க வந்தியா, இல்ல என் தறியப் பாக்க வந்தியா?" என்று கேட்டபடியே முனிரத்தினம் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தறியில் இருந்த சேலையின் மேல் போட்டு மூடினார்.

பூவராகவன் சுவரில் இருந்த மின்சார மீட்டரின் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார். அவருடைய உத்தியோகமே அதுதான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அவர் நுழையாத வீடு கிடையாது. இத்தனை வருஷத்தில் யாரும் அவரை இப்படிக் கேட்டதும் கிடையாது.

"கழுத்துல இன்னாபா அது?"

"கேமராண்ணா. புதுசு."

"அது தெரியுது. ஆடி மாசம், தீபாவளிச் சேலைக்குப் புதுக் கரை ஏத்திக்கினு இருக்கற நேரம். வூடு வூடா பூந்து வர்ற ஆளுக்கு இன்னாத்துக்குக் கேமரா?"

கேள்வி நியாயமானதுதான். காஞ்சிபுரத்தில் அடுத்த வீட்டுச் சண்டையைத் தாராளமாக எட்டிப் பார்க்கலாம், சமாதானமும் பேசலாம். ஆனால் தறியில் ஏறியிருக்கும் புதுக் கரையை மட்டும் எட்டிப் பார்க்கக் கூடாது. ஒரு கரையை யோசித்து, கட்டம் போட்ட தாளில் வரைந்து, அதன்படி அட்டையில் துளை குத்தித் தறியில் ஏற்றுவதற்குள் ஒரு குடும்பத்துக்குப் பாதி உயிர் போய்விடும். அதை எதிர்வீட்டுக்காரர் ஒரே பார்வையில் தூக்கிக்கொண்டு போய்விட்டால் மீதி உயிரும் போய்விடும்.

பூவராகவனின் கதை வேறு. கல்யாணத்துக்கு முன்பு அவரிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்தது. கல்யாணமான மறு வருஷம் மச்சான் அதை இரவல் வாங்கிக்கொண்டு பாலாற்று வெள்ளத்தைப் படம் பிடிக்கப் போனார். வெள்ளம் கேமராவை எடுத்துக்கொண்டது. அதோடு பூவராகவனின் படம் பிடிக்கும் பழக்கம் நின்றது. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் நிற்கவில்லை. பஸ்ஸில் போனாலும் சரி, இலையில் உட்கார்ந்தாலும் சரி, அது எதையாவது அமுக்கிக்கொண்டே இருக்கும். அவர் மனைவி காந்தா நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து, பதினேழு வருஷமாக வாரம் தவறாமல் தைலம் தடவிவந்தாள்.

அப்போதுதான் ஒரு வாரப் பத்திரிகையில் போட்டி அறிவித்தார்கள். தலைப்பு, 'உழைக்கும் கைகள்'. தேர்ந்தெடுக்கும் படம் முழுப் பக்கத்தில் வரும், அடியில் எடுத்தவர் பெயர் வரும். முடிதிருத்தும் கடையில் அதைப் படித்த பூவராகவன் ஒரு கன்னம் மழித்த நிலையிலேயே எழுந்து வெளியே வந்துவிட்டார். 'படம்: பூவராகவன்' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல ஆசை அதிகமாயிற்று. அடுத்த நாளே மதராசுக்குப் போய்க் கேமரா வாங்கிவந்தார்.

"தீபாவளிக்கு உனக்குப் பட்டு எடுத்துடறேன் காந்தா. போனஸ் வந்ததும் முதல் வேலை அதான்."

"பட்டு நெய்யற ஊர்ல வாழ்க்கப்பட்டு, கல்யாணச் சேலை ஒண்ணத்தான் மாத்தி மாத்திக் கட்டிக்கினு இருக்கறேன்" என்றாள் காந்தா. ஆனாலும் தைலச் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டாள்.

ஆகவே பூவராகவனுக்கு இப்போது வேண்டியது உழைக்கிற கைகள். அவை முனிரத்தினத்திடம் இருந்தன.

"கைய மட்டும் எடுத்துக்கறேண்ணா. பத்திரிகைல வரும்."

"கை எங்கபா இருக்குது? சேலை மேலதான இருக்குது?"

"சேலைய மூடிக்கோங்க. மூடிக்கினே நெய்யுங்க."

பத்திரிகை என்றதும் முனிரத்தினத்துக்கும் சபலம் தட்டியது. துண்டு போதாது என்று ஒரு போர்வையையும் போட்டு மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். பார்ப்பதற்கு யாரோ காய்ச்சல்காரரை அமுக்கிப் பிடித்திருப்பது போல இருந்தது. பூவராகவன் நாலு படம் எடுத்தார்.

எதிர்வீட்டு அங்கம்மாள் இதைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் மூன்று தறி. கணவர் போனபிறகு தானே நின்று நடத்துகிறவள். முனிரத்தினம் வீட்டில் யாரையும் தறிக்குப் பக்கத்தில் விடமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அவரே ஒருவரைத் தறிவரை விட்டுச் சிரித்துக்கொண்டே படம் எடுக்கவிடுகிறார் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். பொழுது சாய்வதற்குள் அந்த அர்த்தம் தெரு முழுக்கப் பரவியது. மீட்டர்காரரை வைத்து முனிரத்தினம் எல்லார் வீட்டுக் கரையையும் போட்டோ பிடிக்கிறார்.

மறுநாள் பூவராகவன் போனபோது ஒரு கதவும் திறக்கவில்லை.

"நம்பர நானே சொல்றேன், எழுதிக்க" என்றாள் அங்கம்மாள் சன்னலுக்கு உள்ளிருந்து.

"நான்தாம்மா பாக்கணும். நீங்க சொல்லி எழுதக் கூடாது."

"அப்போ போன தபா எழுதினதயே எழுதிக்கினு போ."

முனிரத்தினமும் கதவைத் திறக்கவில்லை. "உன்னால என் பேரு கெட்டுப்போச்சுபா" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"நாப்பது வீட்டுக்குக் 'கதவு பூட்டு'ன்னு எழுதியிருக்கீங்களே பூவராகவன். ஊரே காலி பண்ணிட்டுப் போயிடுச்சா?"

"எல்லாரும் உள்ளதான் சார் இருக்காங்க."

"உள்ள இருக்கறவங்க எதுக்குப் பூட்டிக்கறாங்க?"

"நான் வரேன்னுதான் சார்."

அதிகாரி கணக்குப் புத்தகத்தை மூடினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லா வீட்டுக் கணக்கும் வரணும். இல்லாட்டி உங்கள வேற ஊருக்கு மாத்தச் சொல்லி எழுதிடுவேன்."

பூவராகவன் கேமராவை வீட்டில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். கேமரா இல்லாமல் போனால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்பது அவர் எண்ணம். ஆனால் பெரிய கேமரா காணாமல் போனால் சின்னக் கேமரா வந்திருக்கிறது என்பது தெருவின் எண்ணம். வெறுங்கழுத்தைப் பார்த்து அங்கம்மாள் மட்டும் கதவைத் திறந்தாள். இருட்டு மூலையில் இருந்த மீட்டரைப் பார்க்க டார்ச் விளக்கை எடுத்ததும் அவர் கையைப் பிடித்தாள்.

"லைட்டு அடிச்சிதான போட்டோ புடிப்பாங்க? எனக்குத் தெரியாதா?"

தெருக்காரர்கள் கூடி டார்ச்சைக் கழற்றிப் பார்த்தார்கள். பேட்டரி இருந்தது. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்தார்கள். தயிர்சோறு இருந்தது. ஒருவர் சோற்றுக்குள் விரலை விட்டும் பார்த்தார். எதுவும் அகப்படாததால் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று.

பூவராகவனுக்கு அன்று சாப்பாடும் போயிற்று, பொறுமையும் போயிற்று. போட்டிக்கு இன்னும் இரண்டே நாள். மாற்றலுக்கும் அதே இரண்டு நாள். விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தார். கேமராவை எடுத்துக்கொண்டு அதே வேகத்தில் திரும்பிவந்து நட்ட நடுத்தெருவில் நின்றார்.

"எல்லாரும் வாங்க. வந்து நல்லாப் பாருங்க. இதுக்குள்ள உங்க கரை எங்க இருக்குதுன்னு சொல்லுங்க."

உச்சி வெயிலில் கேமராவின் முதுகைப் படாரென்று திறந்து காட்டினார்.

திறந்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. வெயிலைப் பார்த்த படச்சுருளில் படம் இருக்காது. போர்வை மேல் வைத்த கையாவது மிஞ்சும் என்று நம்பியிருந்தார். அதுவும் போய்விட்டது. அழுகை வந்தது. நாற்பது வீட்டுக்காரர்கள் எதிரில் அழ வெட்கமாக இருந்ததால் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"உள்ள வெறும் காயிதமாத்தான் இருக்குது" என்றாள் அங்கம்மாள்.

"கழுவினாத்தான் தெரியும்" என்றார் முனிரத்தினம். தன் பேரில் விழுந்த பழியைத் துடைக்க வேண்டிய அவசரம் அவருக்கு. "நமச்சிவாயம் ஸ்டூடியோவுல குட்த்துக் கழுவலாம், வாங்க."

தெருவே ஸ்டூடியோவுக்கு நடந்தது. நமச்சிவாயம் இருட்டறைக்குள் போய் வெகுநேரம் கழித்து வந்தார்.

"பன்னெண்டுல பதினொண்ணு போச்சு. உள்சுத்துல இருந்ததால மொதல் படம் மட்டும் தப்பிச்சுது. அதுவும் ஒண்ணு மேல ஒண்ணு வுழுந்து கெடக்குது. சுருளத் திருப்பாம ரெண்டு தபா அமுக்கிட்டீங்களா சார்?"

அமுக்கித்தான் விட்டிருந்தார். கேமரா வாங்கிவந்த அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும், பதினேழு வருஷப் பசியில் விரல் நிற்காமல் முதலில் கோபுரத்தையும் அடுத்த நொடியில் மின்சாரக் கம்பியில் உட்கார்ந்திருந்த குருவிகளையும் எடுத்திருந்தார். இப்போது கோபுரத்தின் ஒவ்வொரு கலசத்தின் தலையிலும் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றையும் கோத்தபடி கம்பி ஓடியது.

வேறு வழியில்லாமல் அதில் ஒரு பிரதியைப் பத்திரிகைக்கு அனுப்பினார். இன்னொரு பிரதி தெருவில் கைக்குக் கை போயிற்று. கடைசியில் முனிரத்தினம் அதை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லபா. குருவிதான் இருக்குது."

"அதைத்தாண்ணா நானும் சொல்லிக்கினு இருக்கறேன்."

"இது என்கிட்டயே இருக்கட்டும். நாள பின்ன எவனாவது உன்னப் பத்தித் தப்பாப் பேசினா எட்த்துக் காட்டுவேன்."

பூவராகவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊரில் தனக்காகப் பேச ஒரு மனிதர் இருக்கிறார். கதவுகள் திறந்தன. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது வீட்டு மீட்டரையும் பார்த்து முடித்தார். மாற்றல் பேச்சு அடங்கியது. பத்திரிகையிலிருந்து படம் மட்டும் திரும்பி வந்தது. பின்பக்கத்தில் யாரோ பென்சிலால், 'கைகளைக் காணோம்' என்று எழுதியிருந்தார்கள்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, காந்தாவிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பட்டுச் சேலை கட்டிய காந்தாவைக் கடை வாசலிலேயே நிறுத்திப் படம் எடுப்பது என்று புதுச் சுருள் போட்டுக் கேமராவையும் மாட்டிக்கொண்டு காந்தி ரோட்டில் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தார். கடைச் சிப்பந்தி சேலைகளை ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார். காந்தாவின் கை ஒன்றின் மேல் போய் நின்றது.

கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை. கரை நெடுகச் சரிகையில் கலசம். ஒவ்வொரு கலசத்தின் தலையிலும் ஒரு குருவி. நடுவில் அந்த மின்சாரக் கம்பியைக்கூட விடாமல் நெய்திருந்தார்கள்.

"முனிரத்தினம் கரைன்னு பேரும்மா. இந்தத் தீபாவளிக்கு இதான் ஓடுது. மூணு மாசம் ஒக்காந்து யோசிச்சுப் போட்டிருக்காரு மனுசன்" என்றார் சிப்பந்தி.

"எவ்ளோ லட்சணமா இருக்குது பாருங்க. இதெல்லாம் எப்பிடித்தான் தோணுதோ அவருக்கு" என்றாள் காந்தா.

பூவராகவன் குனிந்து சரிகைக் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். அது என் படம் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கை தானாகக் கேமராவைத் தூக்கியது, ஆள்காட்டி விரல் தானாகப் போய் உட்கார்ந்தது. சிப்பந்தி பதறிப்போய் உள்ளங்கையால் கேமராவின் கண்ணை மூடினார்.

"தப்பா நெனைக்காதீங்க சார், இத மட்டும் படம் எடுக்கக் கூடாது. மீட்டர் பாக்கற ஆளு ஒருத்தர் கேமராவ மாட்டிக்கினு டிசைன் திருடிக்கினு திரியறாராம், முனிரத்தினம் நேத்துதான் வந்து உஷாரா இருக்கச் சொல்லிட்டுப் போனாரு."