ஷட்டருக்கு ஆயுசு கெட்டி

“இன்னும் உயிர் இருக்கா?”

கதவுக்கு வெளியே மனைவியின் குரல் கிசுகிசுத்தது. உள்ளே, பழைய சாமான்கள் போடும் அறையில், மாப்பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியிலிருந்த தலையணையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தான். தலையணைக்குள்ளிருந்து டக் டக் டக் டக் என்று விடாமல் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“இருக்கு.”

“சீக்கிரம் முடிங்க. அப்பா குளிச்சிட்டு வந்துடுவாரு.”

“நான் மட்டும் என்ன கதை பேசிட்டா இருக்கேன்? சாக மாட்டேங்குது!”

தலையணைக்குள் இருந்தது கேமரா. அதன் பொத்தான் மேல் ஒரு அழிரப்பர்த் துண்டு. அதன் மேல் இறுக்கமாக ஒரு ரப்பர் பேண்டு. கேமரா, தலையணையின் உட்புறத்தை ஆயிரக்கணக்கான கோணங்களில் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

கொலை நடந்துகொண்டிருந்த இடம் ஒரு ஸ்டூடியோவின் பின்பக்கம். முன்னால் கடை, பின்னால் வீடு. இரண்டுக்கும் சொந்தக்காரர் மாமனார்.

மாப்பிள்ளைக்கு ஒரு பெயர் இருந்தது. கல்யாணமாகி இந்த வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு அது யாருக்கும் தேவைப்படவில்லை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்கள்கூட, “மாப்பிள்ளை, கண்ணை மூடிட்டேன், இன்னொண்ணு எடுங்க” என்றுதான் சொன்னார்கள்.

அதற்கு முன் அவன் டயர் கடையில் விற்பனையாளன். கேமராவில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மாமனார் காட்டிக்கொடுத்த நாலு பொத்தான்கள்தான். மற்ற பொத்தான்கள் மேல் மாமனார் டேப் ஒட்டியிருந்தார். “செட்டிங்ஸைத் தொட்டா கலர் போயிடும் மாப்பிள்ளை.” ஃப்ளாஷையும், குழந்தைகளுக்குக் கண் கூசுகிறது என்று ஒருநாள் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு விளக்குகளை நட்டுவிட்டார். மாப்பிள்ளை எதையும் கேட்கவில்லை. மாமனாரின் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் கால், மறுபக்கம் நூல். அப்படிப்பட்டவர் விளக்கு வாங்குகிறார் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது.

இதற்கு நடுவே, போன வாரம் ஒரு மேனேஜர் வந்தார். குழந்தைகள் துணிக்கடை. எட்டுக் கிளை. மாப்பிள்ளை எடுத்து முன்கண்ணாடியில் மாட்டியிருந்த குழந்தைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“யார் எடுத்தது?”

“மாப்பிள்ளை” என்றார் மாமனார்.

“சார், உங்க கை நல்ல கை” என்றார் மேனேஜர். மாப்பிள்ளை திரும்பிப் பின்னால் பார்த்தான். ‘சார்’ என்று யாரும் அங்கே இல்லை. அவனைத்தான். “ஆனா இதைச் சுவர் அகலத்துக்குப் பெருசு பண்ணினா பொட்டுப் பொட்டா உடையுது. கேமரா பத்தாது. திங்கட்கிழமை வர்றேன். புதுசு இருந்தா ஒரு வருஷ வேலை உங்களுக்குத்தான். கீழே உங்க பேர் போடுவோம்.”

உங்க பேர். அந்த இரண்டு வார்த்தைக்காக மாப்பிள்ளை மாமனார் முன்னால் போய் நின்றான்.

“கேமராவா?” என்றார் மாமனார், நூல் கட்டிய கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. “நான் என்ன சொல்லியிருக்கேன்? ஷட்டர் போகட்டும். போன அன்னிக்கே புதுசு. உன் பொண்டாட்டி முன்னால சொல்றேன். நான் என்னிக்காவது பேச்சு மாறியிருக்கேனா?”

மாறியதில்லை. அவர் அதிகமாக வாக்குக் கொடுக்கிறவரும் இல்லை.

வழி கண்டுபிடித்தவள் மனைவிதான். ஒரு படத்தை ஏற்றினால், அதை எடுத்த கேமரா இதுவரை எத்தனை கிளிக் அடித்திருக்கிறது என்று சொல்லிவிடும் இணையதளம் ஒன்று இருந்தது. கேமராவுக்குள் கிளிக்குக்குக் கிளிக் திறந்து மூடும் ஷட்டருக்குக் கம்பெனி சொன்ன ஆயுள் ஒன்றரை லட்சம் கிளிக். இணையதளம் சொன்னது ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம்.

“நாலாயிரம்தான் பாக்கி” என்றாள். “ஞாயித்துக்கிழமை கடை லீவு. காபி குடிக்கிறதுக்குள்ள முடிச்சிடலாம்.”

காபி குடித்தாயிற்று. இரண்டாவது காபியும் குடித்தாயிற்று. மூன்று மெமரி கார்டுகள் மாறி மாறி நிரம்பின. ஒன்றரை லட்சம் எப்போதோ தாண்டிவிட்டது. கேமரா காலை நடைக்குப் போய்வந்த ஆள் மாதிரி தெம்பாக இருந்தது.

“ஒன்றரை லட்சம்னு எழுதியிருக்கே!” என்று மாப்பிள்ளை கதவிடுக்கு வழியாகப் புலம்பினான்.

“எழுதினா? எங்க பெரியப்பாவுக்கு ஆறு மாசம்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாரு. அந்த டாக்டர் செத்ததுக்குப் பெரியப்பாதான் மாலை வாங்கிட்டுப் போனாரு.”

அப்போதுதான் கூடத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது. “என்னம்மா அது சத்தம்?”

மனைவி யோசிக்கவே இல்லை. அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். “தையல் மெஷின்பா.”

“நம்ம வீட்ல ஏது தையல் மெஷின்?”

“எதிர் வீட்டு அக்காவோடது. கத்துக்கறேன்.”

“அப்படியா” என்றார் மாமனார். செருப்புச் சத்தம் இந்தப் பக்கமாக வரவில்லை. தன் அறைக்குப் போயிற்று.

தப்பித்தோம் என்று மாப்பிள்ளை நினைத்தான். ஐந்து நிமிஷத்தில் மாமனார் கையில் இரண்டு பேன்ட்டோடு கதவைத் தட்டினார்.

“கால் கொஞ்சம் நீளம். ரெண்டு விரக்கடை மடிச்சு அடிச்சிடு. கடையில கொடுத்தா கூலி கேப்பான்.”

எதிர் வீட்டு அக்காவிடம் கெஞ்சி, தையல் மெஷினைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் மாப்பிள்ளைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வந்தபிறகுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. மனைவிக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது.

“சும்மா மிதி. சத்தம் வந்தா போதும்” என்றான்.

அவள் மிதித்தாள். மெஷின் தடதடத்தது. தலையணை டக்டக்கென்றது. மாமனார் நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். மகள் தைக்கிற சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது.

“போதும்மா, கால் வலிக்கப்போகுது. கொஞ்சம் நிறுத்து.”

நிறுத்தினாள்.

டக் டக் டக் டக்.

“நிறுத்தின பின்னாலயும் தைக்குதே?”

“புது பெல்ட்டுப்பா. சுத்தி ஓடித்தான் நிக்கும்.”

மாப்பிள்ளை தலையணை மேல் குப்புறப் படுத்துக்கொண்டான்.

கடைசியில் மாப்பிள்ளையே தட்டுத் தடுமாறி நூல் கோத்துக் கொடுத்தான். மத்தியானத்துக்குள் ஒரு பேன்ட் முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. இரண்டாவதில் இரண்டு கால்களும் ஒன்றாகத் தைக்கப்பட்டிருந்தன. மாமனார் முதலாவதைப் போட்டுப் பார்த்துவிட்டு, “காத்தோட்டமா இருக்கு” என்றார். பெற்ற பெண் தைத்தது. அன்று முழுக்க அதைக் கழற்றவில்லை.

சாயங்காலம் சத்தம் நின்றது.

மாப்பிள்ளை தலையணையை விலக்கினான். கேமரா கொதித்தது. திரை கறுப்பு. பொத்தானை அழுத்தினான். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினான். அசைவே இல்லை.

“முடிஞ்சுது” என்றான்.

“முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போங்க” என்று மனைவி அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். “சிரிச்சுத் தொலைக்காதீங்க.”

மாப்பிள்ளை கேமராவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கூடத்துக்குப் போனான். “மாமா, மனசைத் தேத்திக்குங்க. ஷட்டர் போயிடுச்சு.”

மாமனார் பேப்பரை இறக்கினார். ஒரு கணம் முகம் வெளுத்தது. அடுத்த கணம் சரியாகிவிட்டது.

“ஷட்டரா? அது எப்படிப் போகும்?”

“போயிடுச்சு மாமா. அழுத்தினா அடிக்கல.”

“அது போகாது மாப்பிள்ளை.”

“ஒன்றரை லட்சம்தான் அதோட ஆயுசு—”

“நான் சொல்றேன், இந்தக் கேமராவுல ஷட்டர் போகவே போகாது. எழுதி வேணாலும் தர்றேன்.”

கேமராவை வாங்கினார். தொட்டுப் பார்த்தார். “சுடுது. அவ்வளவுதான். காய்ச்சல்.” மேஜை விசிறியைப் போட்டு அதற்கு முன்னால் நிறுத்தினார். கன்னத்தை உப்பிக்கொண்டு நாலு தடவை ஊதினார். பேட்டரியை எடுத்து, வேஷ்டித் தலைப்பில் துடைக்கப் போய், அரைப் பேன்ட்டில் இருப்பது நினைவுக்கு வந்து, சட்டை நுனியில் துடைத்துப் போட்டார்.

டக்.

“பாத்தியா!”

மனைவி உள்ளே போய்விட்டாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாமனாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. போனை எடுத்தார். “சார், ஸ்டூடியோவிலேர்ந்து பேசறேன். நம்ம கேமரா இரும்பு சார்! இன்னும் பத்து வருஷம் ஓடும். நீங்க புதுசு அது இதுன்னு கவலையே படாதீங்க... அப்படியா? சரி சரி.” போனை வைத்தார். “நல்ல மனுஷன். அப்ப நாளைக்கு வர வேண்டிய அவசியமே இல்லைன்னுட்டாரு.”

மாப்பிள்ளை மாடிக்கு ஓடிப்போய் மேனேஜரைக் கூப்பிட்டான்.

“சார், பெரியவர் ஏதோ தெரியாம பேசிட்டாரு. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்குங்க. புதுசு வந்துடும்.”

“பழசு நல்லாத்தானே இருக்குன்னாரு?”

“இருக்கு சார். சாயங்காலத்துக்குள்ள இருக்காது.”

“அஞ்சு மணி வரைக்கும் பாக்கறேன்” என்றார் மேனேஜர். “அதுக்கு மேல மெயின் ரோடு ஸ்டூடியோவுக்குப் போயிடுவேன்.”

தானாகச் சாகாதென்று தெளிவாகிவிட்டது. இனி ஆள் வைத்துத்தான் முடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை மதியம், கல்லூரி ஒன்றில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி, மாப்பிள்ளை கேமராவோடு கிளம்பினான். கேமராவின் அடியில் தேய்ந்துபோன ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. ரிப்பேர் கடை விலாசம். இரண்டு பஸ் மாறி, செங்குத்தான மரப்படி ஏறினால், மாடியில் ஒரே ஒரு மேஜை. மேஜை முழுக்கக் குடல் பிதுங்கிய கேமராக்கள். நடுவில் ஒரு நடுத்தர வயது அம்மாள், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, மிளகை விடச் சின்ன ஸ்குரூ ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“என்ன கம்ப்ளைன்ட்?”

“கம்ப்ளைன்ட் ஒண்ணும் இல்லைங்க. அதான் கம்ப்ளைன்ட்.”

அம்மாள் நிமிர்ந்தாள். பூதக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண் மட்டும் தட்டு அளவுக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளை படிக்கட்டை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான். “இதோட ஷட்டரை... முடிச்சு விடணும்.”

“முடிச்சுன்னா?”

“வெளியில ஒரு கீறல் இருக்கக் கூடாது. தானா வயசாகிப் போன மாதிரி இருக்கணும். என்ன கூலியோ நான் கொடுத்துடறேன்.”

“நல்லா இருக்கிறதைக் கெடுக்கச் சொல்றீங்களா? முப்பது வருஷமா இந்த மேஜையில உக்காந்திருக்கேன், இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.” கேமராவை இழுத்து, திருப்பி, அடியிலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். “இது ஸ்டூடியோக்காரரோடது இல்லே? கண்ணாடில நூல் கட்டியிருப்பாரே?”

“ஆமாங்க.”

“அவருக்கு இது தெரியுமா?”

“தெரியவே கூடாதுங்க.”

“நீங்க அவருக்கு என்ன வேணும்?”

மாப்பிள்ளை என்று சொன்னால், அவன் படி இறங்குவதற்குள் மாமனார் வீட்டுப் போன் அடிக்கும். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். நாலு தாண்டியிருந்தது.

“கடையில வேலை பாக்கறேங்க” என்றான். யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய பொய்யும் இல்லை.

அம்மாள் பூதக்கண்ணாடியைக் கழற்றினாள். பொத்தானை ஒருதரம் அழுத்தினாள். டக். தலையை ஆட்டிக்கொண்டாள். இன்னொருதரம் அழுத்தினாள். டக். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து புடவைத் தலைப்பால் துடைத்துக்கொள்ளும் வரை சிரித்தாள்.

“வேலை பாக்கற ஆளுதானே, சொன்னா என்ன? இதுல ஷட்டரே கிடையாது தம்பி! அது செத்து ரெண்டு வருஷம் ஆச்சு, நான்தான் பிரிச்சு எடுத்துக் குப்பையில போட்டேன். இந்த மாதிரி கேமராவுல அது இல்லாமலே படம் விழும், ஃப்ளாஷ் மட்டும் வேலை செய்யாது. டக்குடக்குன்னு கேக்கறது வெறும் ஸ்பீக்கர் சத்தம், உங்க முதலாளி கெஞ்சிக் கேட்டு வெச்சுக்கிட்டது. நீங்களும் மறந்து அந்த வீட்டு மாப்பிள்ளைகிட்ட மூச்சு விட்டுடாதீங்க, தெரிஞ்சா அன்னிக்கே புதுசு வாங்கித் தரணுமாம்!”