டெஸ்டரின் சந்தேகங்கள்

சேர்வராயன் மலையில் சந்தேகப்படுவதற்கென்றே பிறந்த மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் டெஸ்டர்தான். சூரியன் உதித்துவிட்டதா என்று வெளியே வந்து பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவார். ஏற்காட்டில் பனி மூடினால் நாள் கணக்கில் சூரியன் தெரியாது. அந்த நாட்களில் அவர் பல் துலக்கினாரா என்று நான் கேட்டதில்லை. பக்கத்து அறையில் இருப்பவன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ஏற்காட்டில் ஒரு பயிற்சிப் பட்டறையில் வேலை பார்த்தோம். சமவெளியில் தொழிற்சாலை வைத்திருந்த முதலாளிகள் சிலர் சேர்ந்து, ஒரு எஸ்டேட்டின் பழைய காபி குடோனை வாடகைக்குப் பிடித்து ஆரம்பித்தது. மெஷின்கள் தாமாகவே ஓடும் காலம் வரப்போகிறது, நம் ஆட்களுக்கு இப்போதே அதைக் கற்றுக்கொடுத்துவிடுவோம் என்பது அவர்கள் எண்ணம். அதற்கு ஏன் மலை ஏற வேண்டும் என்று கேட்டால், சேலத்து வெயிலில் மூளை வேலை செய்யாது என்றார் ஒரு முதலாளி. அவருக்கு ஏரிப் பக்கம் ஒரு பங்களா இருந்தது என்பது வேறு விஷயம்.

ஒவ்வொரு பேட்ச்சும் ஒரு வாரம் தங்கும். நான் கரும்பலகையில் சர்க்யூட் வரைவேன். நான் போட்ட கோடுகளையெல்லாம் ஒயராக்கி, மெஷினை ஆட்டுவிக்கும் பேனலில் மாட்ட வைப்பது டெஸ்டரின் வேலை. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சட்டைப்பையில் எப்போதும் செருகியிருந்த டெஸ்டர் அதைத் தின்றுவிட்டது. தொட்ட இடத்தில் கரண்ட் இருந்தால் கைப்பிடிக்குள் சின்ன விளக்கு எரியுமே, அந்த ஸ்க்ரூ டிரைவர்தான். குழாயைத் திறக்கும் முன் குழாயை வைத்துப் பார்ப்பார். படுக்கும் முன் இரும்புக் கட்டிலை வைத்துப் பார்ப்பார். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த பாய், பாய்லரைத் தொட்டுப் பார்த்த டெஸ்டரை ஒருநாள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இது கரி அடுப்புங்க சார். கரண்டு வேணுமின்னா எதுத்த கடைக்குத்தான் போவோணும்."

டெஸ்டர் சிரித்துக்கொண்டே டீ குடித்தார். அவருக்குக் கோபம் வராது. சந்தேகம்தான் வரும்.

சேலத்துக்குப் பஸ் ஏறினால், பஸ் கிளம்பும் முன் நேராக டிரைவரிடம் போய் பிரேக்கை ஒருதரம் மிதித்துக் காட்டச் சொல்வார். இறங்கும் வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவு, கேட்டதில் தப்பில்லைதான். ஆனால் டிரைவர்களுக்கும் ரோஷம் உண்டல்லவா. ஒருவர் ஸ்டியரிங்கை விட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "ஏனுங்க, உங்களுக்குப் பிரேக்கு மேல சந்தேகமா, என்மேல சந்தேகமா?" என்று கேட்டார். டெஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு மேலயுமுங்க" என்றார். அந்த பஸ் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது.

சேர்வராயன் கோயில் குகைக்குள்ளே குனிந்துதான் போக வேண்டும். எல்லோரும் சாமியை நினைத்துக்கொண்டு குனிவார்கள். இவர் மேற்பாறையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்தார். இத்தனை காலமாக விழாத பாறை இன்றைக்கா விழப்போகிறது என்றேன். இத்தனை காலமாக விழவில்லை என்பதுதான் அவருக்குக் கவலையாம்.

அவருடைய கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். மலையிலேயே வெள்ளக்கடை கிராமத்துப் பெண். மூன்று முடிச்சும் போட்டார். போட்டதும் பழக்கதோஷத்தில் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டார். ஒயரை முடுக்கியதும் இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அது பந்தலில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? பெண்ணின் மாமா எழுந்தே விட்டார். அந்தப் பெண் மட்டும் தலையை நிமிர்த்தாமல், "கெட்டியாத்தான் இருக்குதுங்க" என்றது. அன்றைக்கே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது, இந்தக் குடும்பம் நன்றாக நடக்கும் என்று.

இவ்வளவு சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். சின்ன வயதில் ஒரு மில்லில் வேலை பார்த்தபோது, லைன் ஆஃப் என்று ஒருவர் சத்தியம் செய்தாராம். அதை நம்பித் தொட்டாராம்.

எங்கள் பட்டறையின் நடுநாயகம் ஒரு சின்னப் பிரஸ். காற்றழுத்தத்தில் ஓடுவது. தகரத் துண்டை உள்ளே வைத்து, முன்னால் இருக்கும் கம்பிவலைக் கதவைச் சாத்தி, ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் மேலிருந்து இரும்புக் கட்டை இறங்கி ஒரு டப்பா மூடியை அடித்துக் கொடுக்கும். கதவு திறந்திருந்தால் என்ன அமுக்கினாலும் கட்டை இறங்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளக் கதவோரத்தில் ஒரு குட்டி சுவிட்ச். அதைப் பேனலில் ஒழுங்காக இணைப்பதுதான் அந்த வாரம் முழுக்க நாங்கள் சொல்லித்தரும் வித்தை. பிசகாக இணைத்தால் கதவு திறந்திருக்கும்போதே கட்டை இறங்கும்.

ஒருவர் ஒயர் போட்டு முடித்தால், டெஸ்டர் முதலில் ஒவ்வொரு முனையையும் பார்ப்பார், இழுப்பார், மறுபடி பார்ப்பார். அப்புறமும் மனசு ஆறாது. கதவைத் திறந்துவைத்து, உள்ளே ஒரு சௌசௌவை வைத்து, பட்டனை அமுக்கச் சொல்வார். சௌசௌ தப்பித்தால் பாஸ். நசுங்கினால் அது நேராகச் சமையல்காரரிடம் போகும். மத்தியானம் சௌசௌ கூட்டு என்றால், காலையில் யாரோ தப்பாக ஒயர் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சில பேட்ச்சுகளில் வாரம் முழுக்க அந்தக் கூட்டைத் தின்று நாக்குச் செத்துப்போயிருக்கிறது எனக்கு.

அப்படி ஒரு பேட்ச்சில்தான் குப்புசாமியண்ணன் வந்தார். எங்கள் இருவரையும்விட மூத்தவர். சேலத்துப் பக்கம் ஒரு தகர டப்பா கம்பெனியில் பிரஸ்ஸில் நின்றவர். அந்தப் பிரஸ்ஸுக்குக் கதவும் கிடையாது, சுவிட்சும் கிடையாது. வலது கையில் இரண்டு விரல் அதில் போயிருந்தது. கம்பெனிக்குத் தானாக ஓடும் மெஷின் வரப்போகிறது. ஏற்காட்டில் சர்டிபிகேட் வாங்கி வந்தால் அதன் பேனலில் நில், இல்லாவிட்டால் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். வாட்ச்மேன் வேலை ஒன்றும் கேவலமில்லையே என்றேன். "கேட்டுல உக்காந்தா வாரவன் போறவனெல்லாம் என்ற கையத்தானுங்க பாப்பான்" என்றார் அவர்.

ஒயர் போடுவதில் அவருக்குக் கஷ்டமே இல்லை. மீதி விரல்களை வைத்துக்கொண்டு மெதுவாக, சுத்தமாகப் போட்டார். பிரஸ் முன்னால் வந்து நின்றதும்தான் சிக்கல். பட்டன் அருகே கை போகும், அங்கேயே நிற்கும், நெற்றி வேர்க்கும். அந்தக் குளிரில் வேர்த்த ஒரே ஆள் அவர்தான். பிறகு பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டுக் காபிச் செடிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். டெஸ்டர் போய்க் கூட்டி வருவார். முழங்கையால் அமுக்கச் சொன்னார், கழியால் அமுக்கச் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு அமுக்கச் சொன்னார். நான் என் பங்குக்குப் பக்கத்தில் நின்று முருகா முருகா என்றேன். ஒன்றும் பலிக்கவில்லை. சௌசௌவும் ஒரு உயிர்தானே, பாவம் பார்க்கிறார் என்று ஒரு பையன் கிண்டல் செய்தான். டெஸ்டர் அவனை வெளியே போய் நிற்கச் சொன்னார்.

பிரஸ்ஸை ஒருதரமாவது ஓட்டிக் காட்டினால்தான் சர்டிபிகேட். கடைசி நாளும் வந்துவிட்டது. அன்று காலையிலும் குப்புசாமியண்ணன் பேனலைப் பிரித்துப் புதிதாக ஒயர் போட்டிருந்தார். மற்றவர்கள் எல்லோரும் முடித்து, சாயங்கால பஸ்ஸுக்குப் பெட்டி கட்டிவிட்டார்கள். நான் டெஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, வேலை தெரிந்த மனிதர், பட்டன் அமுக்காவிட்டால் என்ன, சர்டிபிகேட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவோம் என்றேன்.

"குடுத்துப் போடலாமுங்க சார். அங்க போயி மெசினு முன்னாடி இதே மாதிரி நின்னாருன்னா, அப்ப தகிரியத்த ஆரு குடுப்பா?"

சொல்லிவிட்டு உள்ளே போனார். கம்பிவலைக் கதவைத் திறந்தார். ஸ்வெட்டரைக் கழற்றி, முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டார். சௌசௌ வைக்கும் இடத்தில் தன் வலது கையை வைத்தார்.

"அண்ணா, கதவு தெறந்துதான் இருக்குது. அமுக்குங்க."

குப்புசாமியண்ணன் நாலடி பின்னால் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பைத்தியமா உங்களுக்கு, கையை எடுங்கள் என்று கத்தினேன். அவர் அசையவில்லை. மெயின் சுவிட்ச் பக்கம் நான் நகர்ந்ததைப் பார்த்துவிட்டு, "அத ஆப் பண்ணீராதீங்க சார். பண்ணுனா அவருக்குத் தெரிஞ்சு போகும்" என்றார். அதற்குமேல் நானும் நின்ற இடத்தில் நின்றேன்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. கம்ப்ரஸர் மட்டும் தடதடத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்தது. சமையல்காரர் சாப்பாட்டுக்கு மணி அடித்தார், யாரும் போகவில்லை. நடுவே டெஸ்டருக்கு மூக்கு அரித்தது. இடது கையால் சொறியலாம். ஆனால் அசைந்தால் அவர் பயப்படுவார் என்று என்னைச் சொறியச் சொன்னார். வாழ்க்கையில் ஒரு கனவானின் மூக்கை நான் சொறிந்துவிட்டது அந்த ஒருமுறைதான்.

கடைசியில் குப்புசாமியண்ணன் வாயைத் திறந்தார். "சார், என்ற பேனல நீங்க பாத்துட்டீங்கல்லோ?"

"இல்லீங்கண்ணா. நான் பாக்குல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டீ நேரத்தில் பார்த்திருப்பார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். தாலிக் கயிற்றையே இழுத்துப் பார்த்த மனிதர்! கிண்டல் செய்த அந்தப் பையன்கூட வாசலிலிருந்து உள்ளே வந்துவிட்டான்.

"ஒரு ஒயரு கூடயா?"

"நீங்க போட்டதுங்க. அதுல நான் என்னத்தப் பாக்கறது?"

குப்புசாமியண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனலுக்குப் போனார். ஒவ்வொரு முனையாக விரல் வைத்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். கதவோரம் வந்து அந்தக் குட்டி சுவிட்சைத் தட்டி, அது போடும் சின்னச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். மறுபடி பேனலுக்குப் போனார். எங்கள் டெஸ்டரே அவ்வளவு பார்த்து நான் கண்டதில்லை. பிறகு பிரஸ் முன்னால் வந்து, மூன்று விரல் இருந்த அந்தக் கையாலேயே பட்டனை அமுக்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

என் வாழ்நாளில் எத்தனையோ மெஷின் ஓடிப் பார்த்திருக்கிறேன். ஒரு மெஷின் ஓடாமல் நின்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. குப்புசாமியண்ணன் மறுபடி அமுக்கினார். மறுபடியும், மறுபடியும், விருந்துக்கு வந்த வீட்டின் அழைப்பு மணியை அமுக்கும் குழந்தை மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர் துடைக்கவில்லை.

"போதுமுங்கண்ணா" என்றார் டெஸ்டர். "நம்பிட்டேன்."

"அப்பக் கைய எடுங்க சாமி" என்றார் குப்புசாமியண்ணன். "கதவச் சாத்தோணும்."

தகரத்தை அவரே வைத்தார். கதவை அவரே சாத்தினார். பட்டனை அமுக்கியதும் கட்டை டக்கென்று இறங்கி ஏறியது. பளபளவென்றிருந்த அந்த மூடியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பசிக்கிறது என்றார். அன்று எல்லோருமே ஆறின சோற்றைத்தான் சாப்பிட்டோம். கூட்டு இல்லை.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தோம். பனி நன்றாக இறங்கிவிட்டிருந்தது. குடோன் வாசலில் நிறுத்தி வைத்து அவரைத் திட்டினேன். கொஞ்சநஞ்சமல்ல, மத்தியானத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த அத்தனையையும். அந்த ஒயரில் ஒன்று மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும், வெள்ளக்கடைக்குப் போய் உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்றெல்லாம் கேட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

பயமாகவே இல்லையா என்றேன்.

"நொம்பப் பயமுங்க சார்" என்றார்.

மடித்த சட்டைக் கையை அப்போதுதான் இறக்கிவிட்டார். பொத்தானைப் போடப் பார்த்தார், முடியவில்லை. பொத்தான் விரலிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. மத்தியானம் பிரஸ்ஸுக்குள் கல் மாதிரி இருந்த அதே கை. என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருக்கிறது என்பது அந்த நிமிஷம்வரை எனக்கே தெரியாது. கையை இப்படிக் கொடுங்கள் என்று வாங்கி, நானே பொத்தானைப் போட்டுவிட்டேன். போட்ட பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கையை விடவில்லை.