செவ்வாய்க்கிழமை இடையூறு

வனப்பகுதிப் பாதுகாப்புச் சங்கத்தில் மொத்தம் இருபத்து மூன்று பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் இருபத்திரண்டு பேர் காட்டை அலுவலகத்தில் இருந்தபடியே பாதுகாத்து வந்தார்கள். மீதி ஒருவர் கேமராக்காரர். அவர் மட்டும் காட்டுக்குப் போவார். அந்தக் காரணத்தாலேயே அவருக்கு நாற்காலி ஒதுக்கப்படவில்லை.

காட்டில் பன்னிரண்டு மரங்களில் கேமரா கட்டியிருந்தது. எதிரே எது அசைந்தாலும் அது தானாக மூன்று படம் எடுத்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமைதோறும் கேமராக்காரர் போய்ப் பேட்டரியை மாற்றி, படம் பதிந்த அட்டைகளைக் கொண்டுவந்து கொடுப்பார். திரும்பும் வழியில் பாறையடி ஊற்றுக்குப் போய், கல்தொட்டியில் விழுந்து கிடக்கும் சருகை இரண்டு கையாலும் அள்ளிப் போடுவார். யாரும் சொல்லிச் செய்த வேலை அல்ல அது. அள்ளாவிட்டால் தொட்டி தூர்ந்துவிடும். வெயில் காலத்தில் மான்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது. பதினெட்டு வருஷமாக அள்ளிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் படங்களைத் தானே எண்ணிப் பிரிக்கும் ஒரு புதிய கணினி ஏற்பாட்டைச் சங்கம் வாங்கியது. எண்ணி முடித்த மறுநாள் இயக்குநர் அவரைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். கணினித் திரையில் வெளிச்சம் விழுந்து எழுத்து தெரியவில்லை என்று ஜன்னல்களைத் தடித்த திரைச்சீலை போட்டு மூடியிருந்தார்கள். திரைச்சீலையில் மரங்கள் அச்சிட்டிருந்தன.

"கவலைக்கிடமான நிலைமை" என்றார் இயக்குநர். "அம்மா, நீங்களே சொல்லுங்க."

புள்ளிவிவரம் பார்க்கும் அம்மா தாளைப் பிரித்தார். "போன வருஷம் மான் அறுநூத்துப் பதினோரு படம். மனுஷன் மூவாயிரத்து எழுநூத்து நாப்பத்து நாலு. இந்தக் காட்டுல அதிகமா நடமாடுற பிராணியே மனுஷன்தான்."

"அவ்வளவு பேரா வந்தாங்க?" என்றார் கேமராக்காரர்.

"ஒரே ஆள்தான். செவ்வாய்க்கிழமை தவறாம வர்றான். பன்னிரண்டு கேமராவுலயும் விழுறான், ஒண்ணு விடல. நல்லாத் திட்டம் போட்டு வர்றவன்."

கேமராக்காரர் படத்தைப் பார்த்தார். தொப்பையும் தோள்பையும் தெரிந்த மாதிரி இருந்தன.

"இது நான்தாங்கம்மா."

"நீங்க யாருங்கறது பிரச்சினை இல்ல. அட்டவணையில பேருக்குக் கட்டம் கிடையாது. மனித இடையூறுன்னு ஒரே கட்டம்தான்."

"பேட்டரி மாத்தப் போனேங்க."

"எதுக்குப் போனீங்கன்னும் கட்டம் இல்ல."

இயக்குநர் சமாதானமாகப் பேசினார். "மனசுல வச்சுக்காதீங்க. இடையூறை ஆறு மாசத்துல பாதியாக் குறைக்கணும்னு தீர்மானம் போட்டிருக்கோம். அந்த ஆளைத் தடுத்து நிறுத்துற பொறுப்பை உங்ககிட்டயே குடுக்கறோம். காட்டைப் பத்தி உங்களைவிட வேற யாருக்குத் தெரியும்?"

"சரிங்க. ஊத்துத் தொட்டியில சருகு விழுமே. அள்ளலேன்னா மானுக்குத் தண்ணி இருக்காது."

"இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கும். இப்ப உலகம் முழுக்க அதுதான் பேச்சு."

"தொட்டியைக் கட்டுனது மனுஷன்தானேங்க."

"அதை அறிக்கையில சேர்க்க வேண்டாம்" என்றார் இயக்குநர், புள்ளிவிவர அம்மாவைப் பார்த்து.

அடுத்த வாரத்திலிருந்து கேமராக்காரர் செவ்வாய்தோறும் தம்மைத் தாமே தடுத்து நிறுத்தி, அதற்கான படிவத்தை மூன்று பிரதிகளில் நிரப்பிக் கொடுத்தார். தடுத்தவர் கையொப்பத்தை நீல மையிலும், தடுக்கப்பட்டவர் கையொப்பத்தைக் கறுப்பு மையிலும் போட்டார். இரண்டு கையெழுத்தும் ஒரே மாதிரி இருப்பதாக ஒரு முறை ஆட்சேபம் வந்தது. அதன் பிறகு தடுக்கப்பட்டவர் இடக்கையால் கையெழுத்திட்டார்.

மூன்றாவது வாரம் பன்னிரண்டு கேமராவிலும் பேட்டரி தீர்ந்துபோனது. அது அவருக்குத்தான் தெரியும். அதன் பிறகு செவ்வாய்தோறும் படிவத்தைக் கொடுத்த கையோடு ஊற்றுக்குப் போய்ச் சருகை அள்ளிவிட்டு வந்தார். படம் எடுக்க ஆள் இல்லை, அதாவது ஓடுகிற கேமரா இல்லை.

ஆறாம் மாத முடிவில் மனித இடையூறு பூஜ்யம் என்று அறிக்கை வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். புள்ளிவிவர அம்மா மட்டும் தயங்கினார்.

"சார், மானும் பூஜ்யமாத்தான் இருக்கு."

இயக்குநர் சற்று யோசித்தார். "மான்களும் முன்வந்து ஒத்துழைக்கின்றனன்னு போடுங்க."

அப்படியே போட்டார்கள். மேலிடத்திலிருந்து கேடயம் வந்தது. மனிதக் காலடியே படாத காடு என்று பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குச் செய்தி வந்தது. அந்த நிலையைக் காப்பதற்காகப் புதன்கிழமை காட்டின் நுழைவாயிலுக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டினார்கள். காலடியே படாத காட்டை நேரில் பார்க்க விரும்பும் பொதுமக்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திறந்துவைப்பதாகவும் அறிவித்தார்கள்.

இனிச் சருகு அள்ளப் போவதென்றால் கேமராக்காரரும் ஞாயிறு வரிசையில்தான் போக வேண்டும். அவர் மனைவியும் கிளம்பினார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் காட்டுப் பக்கம் வராதவர்.

"மனுஷ நடமாட்டமே இல்லாத இடமாமே. போய்ப் பார்த்துட்டு வருவோம், வாங்க."

ஆயிரத்து நூறு பேர் வந்திருந்தார்கள். முன்னால் நின்றவர், "இவ்வளவு கூட்டம் வரும்னு தெரிஞ்சிருந்தா நான் வந்தே இருக்கமாட்டேன்" என்றார். பின்னால் நின்றவரும் அதையே சொன்னார். யாரைக் கேட்டாலும் தனிமைக்காகத்தான் வந்திருந்தார்கள்.

மூன்று மணி நேரம் நின்று ஊற்றை அடைந்தார்கள். செவ்வாயன்று அள்ளியதால் தொட்டியில் தண்ணீர் தெளிந்திருந்தது. நாலைந்து சருகு மட்டும் மிதந்தது. கேமராக்காரர் குனிந்து கையை நீட்டினார்.

"ஏங்க, கையை எடுங்க" என்றார் பெரிய தொப்பி போட்ட ஓர் அம்மா. "இயற்கையில போய்க் கை வைக்கறீங்களே. உங்களை மாதிரி ஆளுங்களாலதான் எல்லாம் கெட்டுப்போகுது."

வரிசையே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"தண்ணியைப் பாருங்க" என்று அந்த அம்மா மற்றவர்களுக்குக் காட்டினார். "அடியில கிடக்கற கல்லுகூடத் தெரியுது. மனுஷன் தொடாம விட்டா இப்படித்தான் இருக்கும்."

எல்லோரும் ஆமாம் என்று படம் எடுத்துக்கொண்டார்கள். கேமராக்காரரின் மனைவியும் ஒரு படம் எடுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"அந்தம்மா சொல்றது சரியாத்தானே இருக்கு. பதினெட்டு வருஷமா வாரா வாரம் கை நகமெல்லாம் சேறாக்கிட்டு வருவீங்களே, இங்க வந்து அப்படி என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"